பத்தாயிரம் பேரில் எட்டுப் பேர்

போன வருடம் கத்திரி ஆரம்பித்த மூன்றாவது நாள். தி.நகரில் ஒரு வங்கிக் கிளையில் ஆடிட்டுக்காக உட்கார்ந்திருந்தேன். ஏசி 20-இல் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்து மேசைப் பெண் துப்பட்டாவை இழுத்துத் தோளோடு போர்த்திக்கொண்டிருந்தாள். நகைக் கடன் ரிஜிஸ்டரில் கிராம் கணக்கைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது மேல் வயிற்றிலிருந்து ஏதோ கிளம்பியது. நெஞ்சு, கழுத்து, காது மடல் என்று ஏறி உச்சந்தலையில் போய் முட்டியது. நெஞ்சு படபடவென்று அடித்தது. அடுத்த நிமிடம் நெற்றியிலிருந்து ஒரு சொட்டு வியர்வை ரிஜிஸ்டரில் விழுந்து, யாரோ ஒரு அம்மாள் இரண்டு வளையலை வைத்துவிட்டுப் போட்ட கையெழுத்தைக் கலக்கிவிட்டது.

கிளை மேலாளர் நல்ல மனிதர். “வெயில்ல வந்திருக்கீங்க மேடம், பிபி பார்த்துக்கங்க” என்று மோர் வரவழைத்துக் கொடுத்தார். நான் வந்தது காலை பத்து மணிக்கு. அப்போது மணி மூன்றரை.

சென்னையில் மெனோபாஸ் வருவதில் இப்படி ஒரு சௌகரியம் உண்டு. எவ்வளவு வியர்த்தாலும் யாரும் காரணம் கேட்க மாட்டார்கள். வெயில் பழியை ஏற்றுக்கொள்ளும். தொல்லையும் அதேதான். மாசியிலிருந்தே எனக்கு இப்படி வந்துகொண்டிருந்தது. நானும் “இந்த வருஷம் வெயில் சீக்கிரமே ஆரம்பிச்சிடுச்சு” என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பீரியட்ஸ் நின்று ஒரு வருடம் தாண்டியிருந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை. இத்தனைக்கும் கணக்கை டேலி செய்வதுதான் எனக்குப் பிழைப்பு.

அம்மாவிடம் சொன்னேன். அம்மாவுக்கு 77 வயது. மேற்கு மாம்பலத்தில் எங்கள் பழைய வீட்டில் கீழே அவள், மாடியில் நாங்கள். “உடம்பு சூடு” என்று ஒரே வார்த்தையில் முடித்தாள். எண்ணெய்க் குளியல், ஊறவைத்த வெந்தயம், இளநீர், நுங்கு, உள்ளங்காலில் விளக்கெண்ணெய். எல்லாம் செய்தேன். நுங்கு நன்றாக இருந்தது. “உனக்கு எப்படிம்மா இருந்துச்சு?” என்று கேட்டதற்கு, “எனக்கெல்லாம் ஒண்ணும் இல்ல. நின்னுச்சு, அவ்வளவுதான்” என்றாள்.

பகலைச் சமாளித்துவிடலாம், கைக்குட்டை இருக்கிறது, மோர் கொடுக்க மேலாளர் இருக்கிறார். ராத்திரிதான் ஆளைக் கொன்றது. சரியாக மூன்று மணிக்கு முழிப்பு. முதுகுப் பக்கம் நைட்டி பிழிந்தால் தண்ணீர் வரும். எழுந்து மாற்றிக்கொண்டு வந்து படுத்தால் இப்போது குளிரும். ஃபேன் ரெகுலேட்டரை நான் ஐந்தில் வைப்பேன், அவர் இரண்டுக்கு இறக்குவார். பால் பாக்கெட் வண்டிச் சத்தம் கேட்கும்வரை சீலிங்கைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன். இப்படி நான்கு மாதம். ஒரு நாள் ஒரு கிளையின் அறிக்கையில் ஒரு பூஜ்ஜியத்தை விட்டுவிட்டேன். 26 வருட வேலையில் முதல் தடவை. யாரும் கண்டுபிடிப்பதற்கு முன் நானே கண்டுபிடித்துவிட்டேன், ஆனாலும் அன்றைக்குக் கழிவறையில் போய் அழுதேன்.

அப்புறம்தான் படிக்க ஆரம்பித்தேன். மூளையில் ஹைப்போதலாமஸ் என்ற இடத்தில்தான் உடம்பின் வெப்பத்தைப் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு இருக்கிறது. சாதாரணமாகக் கொஞ்சம் ஏற்ற இறக்கம் இருந்தால் அது கண்டுகொள்ளாது. பீரியட்ஸ் நிற்கும்போது, சினைப்பை சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் குறைந்ததும் அந்தத் தாராளம் போய்விடுகிறது. துளி சூடு ஏறினாலும் வீடே பற்றி எரிவதுபோல் மணி அடித்து, ரத்தக் குழாய்களைத் திறந்து, வியர்வையைக் கொட்டவைக்கிறது. ஆக, அம்மா சொன்ன ‘உடம்பு சூடு’ இல்லை இது. உடம்பு சரியாகத்தான் இருக்கிறது, தெர்மோஸ்டாட் கெட்டுப்போயிருக்கிறது. ஒன்றிரண்டு மாதத்தில் போய்விடும் என்று நினைத்திருந்தேன். அமெரிக்காவில் பல வருடம் பெண்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வொன்றில், அடிக்கடி இப்படி வருபவர்களுக்கு அது நீடித்த காலத்தின் நடு அளவு 7.4 வருடம். அதைப் படித்த ராத்திரி மூன்று மணிக்கு முன்னாலேயே முழித்துக்கொண்டேன்.

முதலில் போன டாக்டர் பெயரும் ஆஸ்பத்திரியும் வேண்டாம். குறைந்துபோன ஹார்மோனை மருந்தாக எடுக்கலாமா என்று கேட்டேன். இரண்டு நிமிடம் ஆனது. “ஹார்மோனா? எதுக்கு வம்பு? மார்ல கேன்சர் வந்துரும். வயசானா இதெல்லாம் இருக்கத்தான் செய்யும்” என்று கால்சியம் எழுதிக் கொடுத்தார். ஆட்டோவில் திரும்பும்போது எனக்குக் கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது. நங்கநல்லூர்ச் சித்திக்கு 63 வயதில் மார்பில் கட்டி வந்தது. அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட்டில் வைத்தியம். முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் ஆரம்பித்த அந்த இடத்தின் மரநிழலில் சித்தியின் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்த நாட்கள் அநேகம். ஒரு காலத்தில் சென்னைப் பெண்களுக்கு வரும் புற்றுநோயில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுதான் முதலிடத்தில் இருந்தது. இப்போது அந்த இடம் மார்பகத்துக்கு. கேன்சர் என்ற வார்த்தையை லேசாகத் தூக்கிப் போட்டுவிட முடியாது.

ஆனால் இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று தேடியபோது ஒரு தேதி கிடைத்தது: 2002 ஜூலை.

அமெரிக்க அரசு பணம் போட்டு நடத்திய விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ் என்ற பெரிய ஆய்வு. கர்ப்பப்பை உள்ள 16,608 பெண்கள். பாதிப் பேருக்கு ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டின் என்ற இன்னொரு ஹார்மோனும் சேர்ந்த மாத்திரை, மீதிப் பேருக்கு வெறும் மாவு மாத்திரை. எட்டரை வருடம் நடக்க வேண்டியது, சராசரியாக 5.2 வருடத்திலேயே நிறுத்திவிட்டார்கள். மார்பகப் புற்று 26 சதவீதம் அதிகம் என்று உலகம் முழுக்கச் செய்தி. டாக்டர்கள் எழுதுவதை நிறுத்தினார்கள், பெண்கள் மாத்திரையைக் குப்பையில் போட்டார்கள். அந்தச் செய்திதான் 23 வருடம் கழித்து என் டாக்டரின் வாயிலிருந்து இரண்டு நிமிடத்தில் வந்தது.

ஆடிட் ஆளிடம் போய் யாராவது “வாராக்கடன் 26 சதவீதம் ஏறிடுச்சு” என்று சொன்னால் வாயிலிருந்து தானாக வரும் கேள்வி, “எதுலேருந்து எதுக்கு?” என்பதுதான். நூறு கோடி கடன் கொடுத்திருக்கும் கிளையில் 30 லட்சம் வாராக்கடன் 38 லட்சமானாலும் கிட்டத்தட்ட அதே சதவீதம்தான். ஆய்வின் எண்ணும் அச்சு அசல் இதுவே. மாவு மாத்திரை சாப்பிட்டவர்களில் வருடத்துக்குப் பத்தாயிரம் பேரில் 30 பேருக்கு மார்பகப் புற்று வந்தது. ஹார்மோன் சாப்பிட்டவர்களில் 38 பேருக்கு. கூடுதல் எட்டுப் பேர். அதே பத்தாயிரத்தில் மாரடைப்பு மாதிரி இதய நோய் கூடுதலாக 7 பேருக்கு, பக்கவாதம் 8 பேருக்கு, நுரையீரலில் ரத்தக் கட்டி 8 பேருக்கு. இன்னொரு பக்கம், பெருங்குடல் புற்று 6 பேருக்குக் குறைவு, இடுப்பு எலும்பு முறிவு 5 பேருக்குக் குறைவு. குறைந்த எண்கள் தலைப்புச் செய்தியில் இல்லை.

எட்டுதானே என்று தள்ளிவிட நான் வரவில்லை. அந்த எட்டில் ஒருத்தியாக இருப்பவளுக்கு அது நூறு சதவீதம். அதோடு இது வருடக் கணக்கு, வருடம் ஏற ஏறக் கூடும். 2019-இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆட்கள் 58 ஆய்வுகளைச் சேர்த்துப் போட்ட கணக்கு இன்னும் கடுமையாக இருக்கிறது. 50 வயதில் ஆரம்பித்து ஐந்து வருடம் இரண்டு ஹார்மோனையும் தினமும் எடுத்தால், அடுத்த 20 வருடத்தில் அப்படி எடுக்கும் 50 பேருக்கு ஒருவர் வீதம் கூடுதலாகப் புற்று வரும். ஈஸ்ட்ரோஜன் மட்டும் என்றால் 200 பேருக்கு ஒருவர். இந்த இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில்தான் வைத்திருக்கிறேன். பிடித்ததை மட்டும் எடுத்துக்கொண்டால் அது ஆடிட் இல்லை.

இன்னொன்றும் உறைத்தது. சித்தி ஹார்மோனைக் கண்ணால் பார்த்தவளே இல்லை. அவள் அந்த எட்டில் வரவில்லை, முப்பதில் வந்தாள்.

சரி, யார் அந்தப் பதினாறாயிரம் பேர்? வயது 50 முதல் 79 வரை, சராசரி 63. மூன்றில் இரண்டு பங்கு அறுபதைத் தாண்டியவர்கள். அந்த வயதில் ரத்தக் குழாயில் ஏற்கெனவே படிவு உட்கார்ந்திருக்கும். பீரியட்ஸ் நின்று பத்து வருடத்துக்குள் இருக்கும் 51 வயதுக்காரிக்கும், 70 வயதில் முதல்முதலாக மாத்திரையைத் தொடுபவருக்கும் ஒரே பதில் எப்படிப் பொருந்தும்? பின்னாளில் வயதுவாரியாகப் பிரித்துப் பார்த்தபோது ஐம்பதுகளில் இருந்தவர்களுக்கு இதய ஆபத்து குறிப்பிடும்படி ஏறவில்லை. 65-ஐத் தாண்டித் தொடங்கியவர்களுக்கோ மறதி நோய் அதிகமானது. 18 வருடம் தொடர்ந்து பார்த்து 2017-இல் வெளியிட்ட கணக்கில், மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் சாப்பிடாதவர்களுக்கும் மொத்தச் சாவு எண்ணிக்கையில் வித்தியாசம் இல்லை. இந்தச் செய்தி எங்கள் தெருவரைக்கும் வரவில்லை.

மாத்திரையும் வேறு. அவர்கள் சாப்பிட்ட ஈஸ்ட்ரோஜன், சினைக் குதிரையின் மூத்திரத்திலிருந்து எடுப்பது. 1942-இலிருந்து அமெரிக்காவில் விற்பனையில் இருக்கிறது, பிரெமரின் என்ற பெயரே பிரெக்னன்ட், மேர், யூரின் என்ற மூன்று சொற்களின் ஒட்டுத்தான். கோமியம் நமக்குப் பழக்கம், இது குதிரைக் கோமியம். இப்போது பெரும்பாலும் எழுதுவது நம் சினைப்பை சுரக்கும் அதே ஈஸ்ட்ராடியால். அதிலும் தோலில் பூசுகிற ஜெல்லோ ஒட்டுகிற பேட்ச்சோ என்றால் மருந்து நேரே ரத்தத்துக்குப் போய்விடுகிறது. மாத்திரை வயிற்றிலிருந்து முதலில் கல்லீரலுக்குப் போய், அங்கே ரத்தம் உறையவைக்கும் சரக்குகளைக் கூட்டிவிடும். ரத்தக் கட்டி ஆபத்து மாத்திரையில் தெரிகிற மாதிரி தோல்வழி மருந்தில் தெரிவதில்லை. காலில் ரத்தக் கட்டி பயம் இருப்பவர்களுக்கு இது பெரிய விஷயம்.

இரண்டாவது ஹார்மோன் எதற்கு என்பதற்கும் ஒரு கதை உண்டு. அறுபதுகளில் அமெரிக்காவில் ஈஸ்ட்ரோஜனை மட்டும் ‘என்றும் இளமை’ என்று விற்றுத் தள்ளினார்கள். 1975-இல் அது கர்ப்பப்பையின் உள்சுவரில் புற்றைக் கூட்டுகிறது என்று தெரியவந்தது. உள்சுவர் தடித்துக்கொண்டே போகாமல் தடுக்கத்தான் புரோஜெஸ்டினோ புரோஜெஸ்ட்ரோனோ சேர்க்கிறார்கள். கர்ப்பப்பையை எடுத்தவர்களுக்கு அது தேவையில்லை. அதே பெரிய ஆய்வில் கர்ப்பப்பை இல்லாத 10,739 பேருக்கு ஈஸ்ட்ரோஜனை மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். பக்கவாதம் கூடியது என்று 2004-இல் அதையும் நிறுத்தினார்கள். ஆனால் மார்பகப் புற்று கூடவில்லை. பல வருடம் கழித்துப் பார்த்தால் மாவு மாத்திரைக்காரர்களைவிடக் குறைவாகவே இருந்தது.

இந்த இடத்தில் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். 2008-இல் அவளுக்கு 41. ஃபைப்ராய்டு என்று கர்ப்பப்பையை எடுத்தார்கள், கூடவே இரண்டு சினைப்பையையும். “இனிமே எதுக்கு அது, அப்புறம் அதுல ஏதாவது வரும்” என்று ஆபரேஷனுக்கு முந்தின நாள் சொன்னார்களாம். அவளும் தலையாட்டியிருக்கிறாள். நம் நாட்டில் மாதவிலக்கு நிற்கும் சராசரி வயது 46, 47. அவளுக்கு ஒரே பகலில் நின்றது. அந்த மாதிரி இளம் வயதில் சினைப்பையை எடுத்தவர்களுக்கு, வேறு தடை இல்லாவிட்டால், இயற்கையாக நிற்கும் வயது வரைக்குமாவது ஈஸ்ட்ரோஜன் கொடுக்க வேண்டும் என்பதில் நிபுணர்களிடையே பெரிய சண்டை கிடையாது. எலும்புக்கும் இதயத்துக்கும் அது தேவை. அறுபது வயதுக்காரர்களின் எண்ணைக் காட்டி 41 வயதுக்காரிக்கு மறுத்த காலம் அது. மறுத்தார்கள் என்றுகூடச் சொல்ல முடியாது, பேச்சே எடுக்கவில்லை.

2024 மார்கழியில் விடியற்காலை வாசல் தெளித்துக் கோலம் போடப் போனவள், ஈரத்தில் கால் வழுக்கி, விழாமல் இருக்க வலது கையை ஊன்றினாள். மணிக்கட்டு முட்கரண்டி மாதிரி வளைந்துவிட்டது. நின்ற உயரத்திலிருந்து விழுந்து எலும்பு முறியக் கூடாது, முறிந்தால் எலும்பைப் பாருங்கள் என்றார் ஆர்த்தோ டாக்டர். எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனில் முதுகெலும்பு மைனஸ் 3.1. மைனஸ் 2.5-ஐத் தொட்டாலே ஆஸ்டியோபோரோசிஸ், எலும்பு அடர்த்தி குறைந்து எளிதில் முறியும் நோய். இப்போது போய் ஹார்மோன் ஆரம்பிக்கலாமா என்று கேட்டோம். பதினாறு வருட இடைவெளி, இனி அது அவளுக்குப் பொருத்தமில்லை என்றார்கள். வாரம் ஒரு எலும்பு மாத்திரை. ஞாயிற்றுக்கிழமை வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்கிவிட்டு அரை மணி நேரம் படுக்கக் கூடாது, எதையும் சாப்பிடக் கூடாது. “எலும்பு போனாக்கூடப் பரவால்லடி, ஞாயித்துக்கெழம காப்பி தள்ளிப்போகுது பாரு” என்று சிரிப்பாள். கை இன்னும் முழுசாகத் திரும்பாது. அவள் போடும் கோலத்தில் புள்ளிகள் சின்னதாகிவிட்டன.

ஆகஸ்டில் வேறொரு டாக்டரிடம் போனேன். இவர் அரை மணி நேரம் கேள்வியாகக் கேட்டார். காலில் எப்போதாவது ரத்தக் கட்டி? பக்கவாதம்? மாரடைப்பு? கல்லீரல்? காரணம் தெரியாமல் ரத்தப்போக்கு? தலைவலிக்கு முன்னால் கண்ணில் மின்னல் மாதிரி கோடு கோடாக வருமா? அம்மாவுக்கு, அக்காவுக்கு மார்பில்? சித்தியைப் பற்றிச் சொன்னதும் வயதைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். அது கணக்கில் வரும், ஆனால் கதவைச் சாத்தாது என்றார். பிபி, சர்க்கரை, கொழுப்பு, மேமோகிராம், கர்ப்பப்பை ஸ்கேன், டெக்ஸா. என் முதுகெலும்பு மைனஸ் 1.8. தேய ஆரம்பித்திருக்கிறது.

“முடிவை நீங்க எடுங்க, நான் எழுதறேன்” என்று அனுப்பிவிட்டார். எனக்கு யாராவது முடிவெடுத்துக் கொடுத்தால் தேவலை என்றிருந்தது.

வீட்டுக்கு வந்து பழக்க தோஷத்தில் ஒரு பேப்பரை எடுத்து நடுவில் கோடு போட்டேன். பற்று, வரவு. பற்றுப் பக்கம் சரசரவென்று நிரம்பியது. எட்டுப் பேர், 50-க்கு ஒருவர், எல்லாம் எண்ணாகவே கிடைத்தது. வரவில் எலும்பு முறிவுக்கு எண் இருந்தது. மூன்று மணி முழிப்புக்கு என்ன எண் போடுவது? விட்டுப்போன அந்தப் பூஜ்ஜியத்துக்கு? மகளிடம் காரணமே இல்லாமல் தட்டை வீசியதற்கு? பத்தாயிரம் பெண்களில் எத்தனை பேர் விடிய விடிய முழித்திருந்தார்கள் என்பது எந்தத் தலைப்புச் செய்தியிலும் வரவில்லை. ஒரு பக்கம் ரூபாய், மறு பக்கம் படி, மரக்கால். டேலி ஆகவில்லை. பேப்பரை மடித்துப் பருப்பு டப்பாவின் அடியில் வைத்தேன்.

என் வீட்டுக்காரர் சொன்னது, “இயற்கையா வர்றதுதானே, அதுக்கு எதுக்கு மருந்து?” கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. “உங்களுக்கு வெள்ளெழுத்து வந்ததும் இயற்கைதான். கண்ணாடியைக் கழட்டி வச்சிட்டுப் பேப்பர் படிங்க” என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் எழுந்து போய் ரெகுலேட்டரை ஐந்தில் வைத்தார்.

எண்ணில் இன்னொன்று என்னைச் சங்கடப்படுத்தியது. பிரிட்டனில் மெனோபாஸ் டாக்டர்கள் பெண்களுக்குக் காட்டும் ஒரு படம் உண்டு. ஐம்பதுகளில் இருக்கும் ஆயிரம் பெண்களில் ஐந்து வருடத்தில் 23 பேருக்கு மார்பகப் புற்று வரும். இரண்டு ஹார்மோனும் எடுத்தால் கூடுதலாக 4 பேர். அளவுக்கு மீறிக் குண்டாக இருந்தால் கூடுதலாக 24 பேர். அது வெள்ளைக்காரர்கள் ஊர்க் கணக்கு, நம் பெண்களுக்கு அப்படியே பொருத்த முடியாது. இங்கே மார்பகப் புற்று விகிதமே குறைவு, இதய நோயோ சீக்கிரமே வருகிறது. இருந்தாலும் என் எடை அப்போது 74 கிலோ. ஜெல்லுக்குப் பயந்த அளவுக்கு நான் என் இடுப்புக்குப் பயந்ததில்லை.

ஆரம்பித்தேன். இரவு ஒரு புரோஜெஸ்ட்ரோன் கேப்ஸ்யூல், 100 மில்லிகிராம், படுக்கும்போது. தூக்கம் வரவைக்கும், அது எனக்கு இலவச இணைப்பு. கூடவே ஈஸ்ட்ராடியால் ஜெல். தோலில் ஒட்டும் பேட்ச்சைப் பற்றிக் கேட்டதற்கு டாக்டர் சிரித்தார். நம் ஊர் வியர்வையில் அது எங்கே நிற்கும் என்றார்.

மருந்துக் கடையில் நடந்ததைச் சொல்லியாக வேண்டும். நம் ஊரில் அந்தக் கேப்ஸ்யூலைப் பெரும்பாலும் வாங்குவது கர்ப்பிணிகளுக்கு, கரு தங்குவதற்கு. கல்லாவில் இருந்த பையன் சீட்டைப் பார்த்துவிட்டு, கடை நிறைய ஆட்கள் நிற்கும்போது, “எத்தனாவது மாசம் மேடம்?” என்றான். 52-ஐ எட்டிக்கொண்டிருந்த நான் “எனக்குத்தான்” என்றேன். பையன் என் முகத்தையும் வயிற்றையும் பார்த்து, “வாழ்த்துகள்” என்றான். பின்னால் நின்ற பெரியவர் எனக்கு வழிவிட்டார்.

ஜெல்லோடு ஒரு பிளாஸ்டிக் பட்டை வரும், ஸ்கேல் மாதிரி. ட்யூபைப் பிதுக்கிப் பட்டையில் கோடு வரைக்கும் நிரப்ப வேண்டும். எனக்குப் பாதிக் கோடு. முழங்கைக்கு மேலே வெளிப்பக்கம் மெல்லிசாகப் பரப்பி, தேய்க்காமல் காயவிட வேண்டும். சாராய வாடை லேசாக அடிக்கும். காய்கிறவரைக்கும் குழந்தைகள் மேலே படக் கூடாது. இரண்டாவது வாரம் ஒன்றும் தெரியவில்லை. நான்காவது வாரம் ஒரு நாள் கண் விழித்தபோது பால் பாக்கெட் ஏற்கெனவே வாசலில் கிடந்தது. வண்டிச் சத்தம் எனக்குக் கேட்கவே இல்லை.

ஆறாவது வாரம் உள்ளாடையில் துளி ரத்தம். கை கால் நடுங்கிவிட்டது. முதல் மூன்று, ஆறு மாதத்தில் இப்படிப் படுவது சகஜம்தான், அதற்குப் பிறகும் தொடர்ந்தாலோ நின்று திரும்ப வந்தாலோ பார்த்தே ஆக வேண்டும் என்றார் டாக்டர். என் திருப்திக்காக ஸ்கேன் செய்தோம். உள்சுவர் மெல்லிசாகத்தான் இருந்தது. இரண்டு மாதம் மார்பு கனத்து வலித்தது, அதுவும் அடங்கியது. எடை இறங்கவில்லை, அதற்கு நடக்கத்தான் வேண்டியிருக்கிறது. சாவியை எங்கே வைத்தேன் என்பது இப்போதும் தெரிவதில்லை. முன்கோபம் மெனோபாஸால் வந்தது என்று வீட்டில் நம்பியிருந்தார்கள். அதுவும் அப்படியே இருக்கிறது.

எல்லோருக்கும் இது ஆகாது. அலுவலகத் தோழி ஒருத்திக்குப் பிரசவம் ஆனதும் காலில் ரத்தக் கட்டி வந்திருந்தது. அவளுக்கு மாத்திரை கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். வென்லாஃபாக்ஸின் என்ற மருந்தைக் குறைந்த அளவில் கொடுத்தார்கள், அனல் பாதியாகக் குறைந்தது. அது மனச்சோர்வுக்கான மருந்து என்று அவள் வீட்டுக்காரர் போனில் தேடிப் படித்துவிட்டு ஒரு வாரம் அவளிடம் பயந்து பயந்து பேசினார். ஃபெசோலினெடன்ட் என்று ஹார்மோன் இல்லாத புது மருந்துக்கு 2023-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது, நேரே அந்தத் தெர்மோஸ்டாட்டில் வேலை செய்கிறது, ஆனால் கல்லீரலைப் பரிசோதித்துக்கொண்டே இருக்க வேண்டும். தண்ணீர்விட்டான் கிழங்கும் சோயாவும் எனக்கும் வாட்ஸ்அப்பில் வந்தன. நல்ல நிரூபணம் இருந்தால் வாங்கியிருப்பேன்.

கல்யாண வீட்டில் பெண்கள் கூடினால் மூட்டு வலி பேசுவோம், சர்க்கரை பேசுவோம். பிறப்புறுப்பு வறண்டு எரிவதையும், மாதத்துக்கு ஒரு தடவை யூரின் இன்ஃபெக்ஷன் வருவதையும் பேச மாட்டோம். அதற்கு உள்ளே தடவும் ஈஸ்ட்ரோஜன் க்ரீம் இருக்கிறது, ரத்தத்தில் கலப்பது மிகச் சொற்பம், மேலே சொன்ன பெரிய ஆபத்துகளின் கணக்கு அதற்குப் பொருந்தாது. அக்கா இதை டாக்டரிடம் கேட்டு வாங்கித் தரச் சொல்லி என் காதோடு காதாகச் சொன்னாள். இந்தக் க்ரீம் அவளுக்கு ஆகும். பதினேழு வருடத்தில் அவளுக்குக் கிடைத்த முதல் ஈஸ்ட்ரோஜன்.

2025 நவம்பரில் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ., 2003-இலிருந்து ஹார்மோன் டப்பாக்களில் இருந்த கறுப்புக் கட்ட எச்சரிக்கைகளில் பெரும்பாலானவற்றை எடுக்கப் போவதாக அறிவித்தது. ஈஸ்ட்ரோஜனைத் தனியாக எடுத்தால் கர்ப்பப்பைப் புற்று என்ற எச்சரிக்கை மட்டும் தொடரும். எனக்குச் சந்தோஷம்தான், ஆனால் அறிவிப்பில் இதயத்துக்கும் ஞாபகத்துக்கும் நல்லது என்ற தொனி கொஞ்சம் தூக்கலாகவே இருந்தது. ‘என்றும் இளமை’ திரும்ப வருகிறதோ என்று சந்தேகம். அனலுக்கும் தூக்கத்துக்கும் எலும்புக்கும் எடுக்கிறேன். மற்றதற்கு எடுப்பதாக நான் எழுதிக் கொடுக்கவில்லை. வருடத்துக்கு ஒரு தடவை உட்கார்ந்து இன்னும் வேண்டுமா என்று பேச வேண்டும் என்பது டாக்டரின் நிபந்தனை. அடுத்தது வரும் ஆகஸ்டில்.

போன வாரம் கீழே அம்மாவோடு படுக்கப் போனேன், அவளுக்கு லேசாக ஜுரம். நான் பட்டையில் ஜெல்லை நிரப்புவதைக் கட்டிலில் இருந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்னடி ஸ்கேல் வச்சு அளக்கற?”

சொன்னேன். ராத்திரி முழிப்பு, வியர்வை, நைட்டி மாற்றியது எல்லாம். அம்மா ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. தூங்கிவிட்டாள் என்று நினைத்து விளக்கை அணைத்தேன்.

“நீ பி.காம் படிக்கறப்ப நான் ரெண்டு வருஷம் மொட்டை மாடியிலதான படுத்தேன். ஞாபகம் இருக்கா?”

இருந்தது. பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு தனியாகப் படியேறுவாள். அப்பாவின் குறட்டைதான் காரணம் என்று வீட்டில் எல்லோருக்கும் பேச்சு. அப்பாவே அதை வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். ஐப்பசி வந்தும் அவள் இறங்கவில்லை.

“மழை பெஞ்சா என்னம்மா பண்ணுவ?”

“என்ன பண்றது,” என்றாள் இருட்டில். “நனைஞ்சிட்டே படுத்திருப்பேன். நல்லா இருக்கும்.”